அரைமணி நேரத்து இராச்சாப்பாடு

பிறந்த ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்துகிற வீடுகளில், விளக்கு வைத்தபின் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "இராத்திரிக்கு என்ன?" என்பதே அது. ஊரில் இதற்கு விடை சொல்லப் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், அவசரமென்றால் அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பாவது வந்து சேர்ந்தது. கரியாஹாட்டிலும் அடுத்த வீட்டார் நல்லவர்களே. ஆயினும் அவர்கள் வீட்டுக் குழம்பில் சர்க்கரை இருக்கும்.

நமக்குச் சியால்தாவில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். மாலை வண்டியில் ஏறி, பார்க் சர்க்கஸைக் கடந்து, பாலிகஞ்சில் இறங்கிக் கரியாஹாட் சந்தை வழியே நடந்து வீடு சேரும்போது மணி ஏழேகால் ஆகிவிடும். இல்லத்தரசி ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலி. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவளுக்கு மாலைப் பணி. திரும்பி வர இரவு பத்தாகும். மக்கள் இருவர். மூத்தவள் நான்காம் வகுப்பு, இளையவன் ஒன்றாம் வகுப்பு. இருவரும் வங்காளியில் சண்டையிட்டு, இந்தியில் சமாதானமாகி, நம்மிடம் மட்டும் தமிழில் பசி என்பார்கள்.

அந்தத் தமிழும் பேச்சளவில்தான். பள்ளியில் தமிழ் கிடையாது. எழுத்துச் சொல்லிக்கொடுக்க வீட்டை விட்டால் வேறு இடமில்லை. வீட்டிலும் இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரத்தை விட்டால் வேறு நேரமில்லை. ஏழேகாலுக்கு மேல் சோறு வடித்து, மீனைக் கழுவி, குழம்பு கூட்டி இறக்கினால் ஒன்பது அடித்துவிடும். பிள்ளைகளின் கண்கள் சொருகிவிடும். எட்டுக்குள் சமையல் முடிந்தால் தமிழ் உண்டு, முடியாவிட்டால் இல்லை. நாம் போலந்து நாட்டுச் சாஸேஜை நாடியது இந்தக் கணக்கினால்தான். நாவின் சபலத்தினால் அன்று.

சாஸேஜ் என்பதை அன்பர்கள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். போலந்துக்காரர் அதைக் ‘கியெவ்பாசா’ என்பர். பன்றி இறைச்சியைச் சற்றுப் பருபருவென்று கொத்தி, உப்பும் பூண்டும் மார்ஜோரம் என்னும் வாசனைத் தழையும் சேர்த்து, குடலுறையில் அடைத்து, புகையில் தொங்கவிடுவார்கள். உப்பு இறைச்சியின் நீரை இழுத்துக்கொள்ளும். புகை மேற்புறத்தை உலர்த்தும். குளிர்காலம் முழுவதற்கும் கெடாமல் வைத்துக்கொள்ள அந்நாட்டார் கண்ட வழி இது.

இதைக் கேட்டபோது நமக்குச் சாத்தூர்ப் பாட்டியின் உப்புக்கண்டந்தான் நினைவுக்கு வந்தது. ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, முற்றத்து வெயிலில் கட்டுவாள். காகம் விரட்டுவது நம் பொறுப்பு. நன்றாகக் காய்ந்தபின் பானைக்குள் போய்விடும்; எதிர்பாராமல் விருந்தாளி வந்தால் நாலு துண்டை நசுக்கி நல்லெண்ணெயில் பொரித்துச் சோற்றோடு வைப்பாள். அவர்களுக்குப் புகை, நமக்கு வெயில். கல்கத்தாவில் உப்புக்கண்டம் போடுவது நடவாத காரியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே துவைத்த வேட்டியே காய்வதில்லை!

இந்நகரத்திற்குச் சாஸேஜ் புதிதன்று. 1874-இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டும் அதனைச் சுற்றிய தெருக்களும் இத்தகைய பண்டங்களை வெகுகாலம் விற்றுவந்தன. இன்று மிர்சா காலிப் தெரு எனப்படும் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் ஹங்கேரிக்காரர் ஒருவர் தொடங்கிய கால்மன் கோல்ட் ஸ்டோரேஜ், தன் ஹங்கேரியச் சாஸேஜால் பெயர் பெற்றது. டிரெட்டி பஜாரில் சீனர்கள் செய்வதோ இனிப்புச் சுவையுடையது. கொஞ்சம் அரிந்து சோற்றோடு வேகவைக்க ஏற்றது. மாநில அரசின் ஹரிங்காட்டாக் கடைகளில் கோழி சாஸேஜ் உண்டு. அசல் போலந்துச் சரக்குத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரவு பட்டினிதான். பூண்டு மணக்கும், புகையிட்ட எந்தப் பன்றிச் சாஸேஜும் போதும். அதுவும் கிடைக்காத நாளில் கோழி.

இனிச் செய்முறை. மூவருக்குக் கால் கிலோ போதும். ஓர் அகன்ற வாணலி, அதற்கு மூடி, அரை முட்டைக்கோசு, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இவ்வளவே. சாஸேஜை விரற்கடை கனத்தில் சாய்வாக அரிந்து, அடுப்பு மூட்டும் முன்பே வாணலியில் பரப்பி, கால் தம்ளர் தண்ணீர் விட்டு மூட வேண்டும். எண்ணெய் வேண்டாம். நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீர் வற்றும். அதற்குள் இறைச்சியின் கொழுப்பு உருகி அடியில் நிற்கும். மூடியை எடுத்து, அந்தக் கொழுப்பிலேயே இரு புறமும் சிவக்கவிட்டு, துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துவிடலாம். காய்ந்த வாணலியில் எடுத்த எடுப்பிலேயே போடுகிறவர்கள் உண்டு. மேல் கருகி உள்ளே சில்லென்று இருப்பதைத் தின்றுவிட்டு, போலந்துக்காரரை வைவார்கள்.

மீந்த கொழுப்பில் வெங்காயம், பிறகு மெல்லிய வில்லைகளாய் உருளைக்கிழங்கு, அதன்மேல் முட்டைக்கோசு. மூடிப் பத்து நிமிடம். உப்பைக் கடைசியில், ருசி பார்த்தபின் போடுக. சாஸேஜிலேயே உப்பு மிகுதி. எடுத்து வைத்த துண்டுகளைச் சேர்த்துப் பிரட்டி, மிளகுப்பொடி தூவி இறக்கினால் மணி ஏழே முக்கால். கோழி சாஸேஜில் கொழுப்புக் குறைவாதலால் ஒரு கரண்டி கடுகெண்ணெய் விட வேண்டியிருக்கும். வாங்கும்போது உறையைப் படித்துப் பார்த்தல் அவசியம். வேகாத பச்சைச் சாஸேஜானால் இம்முறை ஆகாது. அதை முழுதாகவே, குத்தாமல், பாதி உயரத் தண்ணீரில் மூடி, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவைத்து, உள்ளே இளஞ்சிவப்பு நீங்கியபின் அரிய வேண்டும். உட்புறம் 71 பாகை செல்சியஸ் சூடு ஏறவேண்டும் என்பது கணக்கு. குத்தினால் சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

தொட்டுக்கொள்ள மேனாட்டார் கடுகு விழுது வைப்பர். நமக்கு அந்தக் கவலை இல்லை. மாடிவீட்டு மாஸிமா கொடுத்த காசுந்தி இருக்கிறது. கடுகை அரைத்து, உப்பு மஞ்சளோடு புளிக்கவைக்கும் அப்பண்டத்தை, அட்சய திருதியையில் ஆசாரத்தோடு செய்வது வங்காளிகளின் பழைய வழக்கம். நாசிக்குள் ஏறும் அந்தக் காரத்திற்குப் பன்றிக் கொழுப்பு அடங்கிவிடுகிறது. கூட முக்குக்கடைப் பாவுரொட்டி. சைவ அன்பர்கள் சாஸேஜை விட்டுவிட்டு, கடுகெண்ணெயில் கிழங்கையும் கோசையும் மட்டும் இம்முறையில் செய்து காசுந்தியோடு உண்ணலாம்.

இல்லத்தரசிக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு, அது நியாயமானதுங்கூட. உப்பிட்டுப் புகையிட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2015-இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றும் அது கணக்கிட்டது. ஆதலால் நம் வீட்டில் இரு வாரத்திற்கு ஒரு புதன்கிழமை மட்டுமே சாஸேஜ். அடுத்த புதனிலும் திங்களிலும் அதே வாணலி, அதே கோசு. சாஸேஜுக்குப் பதில் முட்டை. வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை. லேக் மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலை மணக்க உப்புமா.

"தமிழ் வளர்க்கப் பன்றிக்கறியா?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நம் குழம்பிலுள்ள மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்றோம். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. போலந்துக்காரர் கதையைச் சொன்னபின்தான் சற்றுச் செவி சாய்த்தார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்ட போலந்து மக்களில் ஆயிரக்கணக்கானோர் நம் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். 1942-இல் ஜாம்நகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி, பாலாசடி என்னும் இடத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். 1943 முதல் 1948 வரை கோலாப்பூரை அடுத்த வளிவடேயில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் முகாமில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். வீடில்லை, நாடு திரும்புவோமா என்பது தெரியாது. அப்படியிருந்தும் முகாமுக்குள் பள்ளிகள் வைத்துப் பிள்ளைகளுக்குத் தம் மொழியைக் கற்பித்தார்கள். நம்மிடமோ வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஊருக்குப் போக ரயில்வே பாஸும் இருக்கிறது.

சென்ற பூஜை விடுமுறைக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். பன்றி என்று கேட்டதும் தயிர்ச்சோற்றை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். அது நாம் எதிர்பார்த்ததே. அவளை உறுத்தியது வேறு. "ஐயா, நீ கரண்டியும் கையுமா நிக்கிறத நான் ஊருல போயி சொல்லமாட்டேன்" என்றாள், ஏதோ நமக்கு உபகாரம் செய்பவளைப் போல. மருமகள் பத்து மணிக்குக் களைத்து வந்து, மூடி வைத்த தட்டைத் திறந்து உண்பதைப் பார்த்தபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுவாரம் வாணலியருகில் அவளே நின்றாள், முட்டைக்குத்தான்.

மூத்தவள் இப்போது எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாள். பாட்டிக்குக் கடிதம் எழுதுகிறாள், றகர ரகரங்களை இடம் மாற்றி. இளையவன் ‘ங’ வரிசையில் நிற்கிறான். சொல்லே இல்லாத வரிசைக்கு எதற்கு இத்தனை எழுத்து என்று கேட்கிறான். வருகிற புதன்கிழமை சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.