சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. திருநள்ளாற்றில் இருந்துகொண்டு இணையப் பக்கங்கள் அமைத்துத் தரும் தொழிலை மேற்கொண்டுள்ள நாம், இம்மொழியின் பொருளை நாள்தோறும் உணர்ந்து வருகிறோம். பக்கம் வேண்டி நம்மை நாடுவோர் பெரும்பாலும் சித்திரத்தைப் பற்றியே பேசுகின்றனர். எந்த வண்ணம், எத்தனை படம் என்பனவே அவர்தம் வினாக்கள். சுவரைப் பற்றி வினவுவார் அரியர்.

சுவர் என நாம் கூறுவது யாது? பக்கத்தைக் காண வருபவர் யார், எதைத் தேடி வருகிறார், அவர் கண்ணில் முதலில் பட வேண்டுவது எது என்னும் தெளிவே அது. எனவே கணிப்பொறியைத் திறக்குமுன், இடம்பெற வேண்டிய செய்திகளைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதன்மை நோக்கி எண் இடுகிறோம். பின்னர்ப் பென்சிலால் வெற்றுக் கட்டங்கள் வரைகிறோம். இதனை 'வயர்ஃபிரேம்' என்பர். அதில் வண்ணமும் இராது, அணியும் இராது. அது நிலைபெற்ற பின்னரே 'ஃபிக்மா' போன்ற மென்பொருளில் வண்ணமும் எழுத்துருவும் ஏற்றி, 'மாக்கப்' எனும் மாதிரியை ஆக்குகிறோம். பென்சில் கோட்டை மாற்ற ஓர் அழிப்பான் போதும். கட்டி முடித்த பக்கத்தை மாற்றப் பல நாள் உழைப்பு வேண்டும்.

இம்முறை புதியதன்று. திருக்குர்ஆனைக் கையால் எழுதிய பண்டை எழுத்தர் 'மிஸ்தரா' எனும் கருவியைக் கையாண்டனர். அட்டையில் நூல்களை வரிசையாக இழுத்துக் கட்டி, அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால், மை படாமலே வரிகள் பதியும். எழுத்து வருமுன் இடம் வகுக்கப்பட்டது. மதீனாவில் அச்சாகும் 604 பக்க முஸ்ஹஃபை நோக்குக. பக்கத்திற்குப் பெரும்பாலும் 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவுறுகிறது. மனனம் செய்வோர்க்கு இஃது எத்துணைத் துணை என்பதை ஹாஃபிழ்கள் அறிவர். ஓதுவோரின் தேவையே அங்கே பக்கத்தை வகுத்தது.

மேலைநாட்டார் மாதிரிப் பக்கங்களை 'லோரெம் இப்சம்' எனத் தொடங்கும், சிசரோவின் நூலினின்று சிதைத்தெடுத்த இலத்தீன் சொற்களால் நிரப்புவர். தமிழுக்கு அவை உதவா. 'சப்மிட்' எனும் ஆங்கிலச் சொல் அடங்கும் பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. 'மீ'யின் கொக்கி மேலே எழும். 'பூ'வின் வால் கீழே இறங்கும். வரியிடைவெளி குறைந்தால் இரண்டும் மோதும். அரபியோ வலமிருந்து செல்வது. அதற்கான பக்கம் கண்ணாடியில் கண்டாற்போல் திரும்பி நிற்க வேண்டும். ஆதலின் மெய்யான சொற்களைப் பெய்தே மாதிரியைச் சோதிக்கிறோம்.

1739இல் பிரெஞ்சியர் வசமாகி, 1954இல் இந்திய ஆட்சிக்கு வந்தது காரைக்கால். பிரான்சில் வாழும் உறவினர் இங்குப் பல குடும்பங்களுக்கு உண்டு. ஒரே பக்கத்தைப் பாரிசில் பேரன் அகன்ற திரையிலும், இங்கே பாட்டி உள்ளங்கைக் கைப்பேசியிலும் காண்பர். திரைக்கேற்பப் பக்கம் தானே மடங்கி விரியும் முறையை 2010இல் ஈதன் மார்கோட் எடுத்துரைத்தார். நாம் சிறு திரையையே முதலில் வரைகிறோம். இடம் குறுகும்போதுதான் எது வேண்டும், எது வேண்டா என்பது புலப்படும்.

கல்வி உதவி வழங்கும் அமைப்பொன்று நம்மிடம் பக்கம் கேட்டது. நிர்வாகிகளின் படங்கள் மேலே, விண்ணப்பம் அடியிலே என்பது அவர்கள் விருப்பம். நாம் மறுத்துரைக்கவில்லை. அவர்கள் கேட்டவாறே தாளில் வரைந்து, மகளின் படிப்புக்கு உதவி நாடிய தாய் ஒருவரிடம் அவர்கள் முன்னிலையில் கொடுத்தோம். படக் கட்டங்களின்மீது அவர் விரல் அலைந்தது. "பாரம் எங்கே தம்பி இருக்கு?" என்றார். சபையில் அமைதி நிலவியது. மூத்தவர் ஒருவர் பென்சிலை வாங்கி, விண்ணப்பக் கட்டத்தைத் தம் கையாலேயே மேலே வரைந்தார்.

உதவி இருந்தும் அதன் வாயில் புலப்படாவிடில், நாடி வந்தவர் தமக்கு அது இல்லை என்றே எண்ணித் திரும்புவர். பள்ளிக்கோ கடைக்கோ ஜமாஅத்துக்கோ பக்கம் அமைக்க விழைவோர் வண்ணம் தேடுமுன், தம் வாயிலுக்கு வருவோர் இன்னார் என ஒரு தாளில் எழுதிக் கொள்வாராக. அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.