நாலு நாள் பூட்டி வெச்சா சரியாகுமா?

1/ போன மாசம் படப்பையில், கிளினிக் மூடுற நேரம். ஒரு அம்மா, கூட 22 வயசு மகன். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை, நைட் ஷிப்ட். மூக்கு ஒழுகுது, உடம்பெல்லாம் புல்லரிக்குது, வயித்துப்போக்கு, கால் குடைச்சல். "வைரல் ஃபீவரா டாக்டர்?"

காய்ச்சல் இல்லை. இடது முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள்.

2/ அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிட்டு, "என்ன போடுற தம்பி?" என்றேன். "வலி மாத்திரை சார். தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்திப்போம். ரெண்டு நாளா கிடைக்கல."

டபென்டடால். கடும் வலிக்கு மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய ஓபியாய்டு மருந்து. கரைத்து ஏற்றினால் மாத்திரைத் தூள் ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி வரலாம்.

3/ அவன் சம்மதத்தோடு அம்மாவிடம் சொன்னேன். அழுதுட்டு அவங்க கேட்டது: "நாலு நாள் ரூம்ல போட்டு பூட்டிடட்டுமா டாக்டர்?"

இதே கேள்வி உங்க மனசுலயும் இருக்கும். அதனால்தான் இந்த த்ரெட்.

4/ பூட்டினால் உடம்பு வலி சில நாளில் அடங்கும். ஏக்கம் அடங்காது. அதைவிட ஆபத்து: விட்ட நாட்களில் உடம்பு அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தை இழக்கும். கதவு திறந்ததும் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம்.

5/ சிகிச்சை இருக்கு. மருத்துவர் கண்காணிப்பில் புப்ரெனார்பின் மாத்திரை, மாதக்கணக்கில். கூடவே கவுன்சலிங். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" இல்லை. ஏக்கத்தை அடக்கி, வேலைக்குப் போக வைக்கும் மருந்து. சர்க்கரைக்கு தினமும் மாத்திரை போடுறோமே, அப்படி நினைச்சுக்கோங்க.

6/ எய்ம்ஸ் நடத்திய 2019 தேசிய ஆய்வின்படி, சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்குது. தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல விஷயம். ஆனா ஒருநாள் லீவு போட்டா சம்பளம் போகும் ஷிப்ட் தொழிலாளி அடிக்கடி வர முடியணும். இந்தப் பகுதிக்கு மாலைநேர ஓபி வேணும்.

7/ "போலீஸ் கேஸ் ஆகுமா?" சிகிச்சைக்கு வருவது குற்றமில்லை. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு விலக்கு தர, போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கு.

இலவச உதவி எண்: 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

8/ தம்பி இப்போ அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கான். நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறுநாளே அம்மா கூட்டிட்டு வந்துட்டாங்க. திட்டல, பூட்டல. நீங்களும் அதை மட்டும் செய்யுங்க.