லிடிட்சேக்குப் போன தாய்மாமன்

பிராக் நகரத்துக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் கோட்டையையும் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேயர்களே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள லிடிட்சேக்குப் பஸ் ஏறுங்கள்.

அங்கே என்ன விசேஷம் என்கிறீர்களா? ஒரு புல்வெளிப் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். 1942-ஆம் வருஷம் ஜூன் 10-ந் தேதி வரையில் அங்கே வீடும் வாசலும் மாதா கோயிலும் பள்ளிக்கூடமுமாக ஓர் ஊர் இருந்தது. ஹிட்லரின் தளபதி ஹைட்ரிக்கை செக், ஸ்லோவாக் வீரர்கள் தாக்கிக் கொன்றதற்குப் பழிவாங்க நாஜிகளுக்கு ஏதாவது ஓர் ஊர் வேண்டியிருந்தது. 173 ஆண்களை ஒரு பண்ணையில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளை விஷப் புகையில் கொன்றார்கள். வீடுகளைக் கொளுத்தி வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடுகாட்டைக்கூட விட்டுவைக்கவில்லை!

அந்த 82 குழந்தைகளும் இன்று வெண்கலச் சிலைகளாகப் புல்வெளியில் கூட்டமாக நிற்கிறார்கள். வருகிறவர்கள் அவர்கள் காலடியில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு கட்டிய புது ஊரில் ஒரு கலைக்கூடம் உண்டு. நான் சொல்ல வந்தது அதைச் சேர்ந்த ஒரு சித்திரத்தைப் பற்றி.

87 சென்டிமீட்டர் உயரம். முழுவதும் சாம்பல் நிறம். நீண்ட ராணுவக் கோட்டும் தொப்பியும் அணிந்த வாலிபன் ஒருவன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அணிந்திருப்பது ஹிட்லரின் படை உடுப்பு. இந்த ஊரிலா இந்தப் படம் என்று முதலில் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

வரைந்தவர் கெர்ஹார்ட் ரிக்டர், 1932-ல் டிரெஸ்டனில் பிறந்த ஜெர்மானியர். சிரிக்கிறவர் அவருடைய தாயாரின் சகோதரர் ரூடி. ஜெர்மன் பாஷையில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் 'ஓங்கல்' என்று ஒரே சொல்தான். நாமானால் தாய்மாமன் என்று திட்டமாகச் சொல்லிவிடுவோம். குடும்பத்துக்கே செல்லப்பிள்ளை, 1944-ல் போரில் மாண்டார். தாயாரின் தங்கை மரியான் வேறு கதை. சித்தம் கலங்கியவள் என்று அவளை நாஜிகள் மனநோய் விடுதியில் அடைத்தார்கள். 1945-ல் அங்கேயே சாகவிட்டார்கள். சிறுவன் ரிக்டர் குறும்பு செய்தால், "நீயும் மரியான் மாதிரி ஆகிவிடுவாய்" என்று வீட்டில் பயமுறுத்துவார்களாம். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இப்படித்தான் வளர்கிறார்கள். ஒருவரைப் பற்றிப் பெருமை, இன்னொருவரைப் பற்றிப் பூச்சாண்டி!

1965-ல் பழைய குடும்பப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு ரிக்டர் இருவரையும் வரைந்தார். சித்தியின் படத்தில் அவளோடு இருக்கும் கைக்குழந்தை அவரேதான். வர்ணம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் மேலே இழுத்து உருவங்களைக் கலைத்துவிடுவது அவர் வழக்கம். நாம் பார்த்தேயிராத பாட்டனாரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் எப்படித் தெரியும்? அப்படித் தெரிகிறது அந்த முகம்.

1967-ல் பெர்லினில் ரெனே பிளாக் என்பவர் லிடிட்சேக்காக ஓவியர்களிடம் படங்கள் கேட்டார். சமாதானப் புறா ஒன்று வரைந்து கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரிக்டரோ தம் மாமாவைக் கொடுத்தார். இந்த ஊர் ஆண்களைச் சுட்டது ரூடி அல்ல; ஆனால் இப்படிச் சிரிக்கிற, வீட்டுக்குச் செல்லமான பிள்ளைகள்தானே எல்லாப் படைகளிலும் இருந்தார்கள்? அந்த வகையில் எனக்கு இது மன்னிப்புக் கடிதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

1968-ல் படங்கள் பிராகுக்கு வந்தன. அதே ஆகஸ்டில் சோவியத் டாங்கிகளும் வந்தன. அப்புறம் பல வருஷங்கள் அவை எங்கேயோ முடங்கிக் கிடந்து, பிற்பாடுதான் வெளிச்சத்துக்கு வந்தன.

மாமா அடிக்கடி வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போய்விடுவார். புறப்படுமுன் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால், பத்தடி தள்ளி நின்றே பாருங்கள். கிட்டே போனால் சிரிப்பு கலைந்து வெறும் சாம்பல் வர்ணம்தான் மிஞ்சும்.