உரைகல் அறிந்த கை: கோவை வங்கிக் கிளைகளின் தொழில் மரபு

கோயம்புத்தூர் ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் சாலை, அங்குள்ள வங்கியின் பெயராலேயே ஸ்டேட் பாங்க் சாலை என்று வழங்குகிறது. 1843இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் வங்கி, வங்காள, பம்பாய் வங்கிகளோடு 1921 ஜனவரியில் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாக மாறிய வரலாறு பலரும் எழுதியதே. கரூர் வணிகர்கள் நிறுவிய கரூர் வைஸ்யா வங்கியும் (1916), 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டிபிஎஸ் குழும வங்கியில் கரைந்துபோன லட்சுமி விலாஸ் வங்கியும் (1926) அவ்வாறே பேசப்பட்டுள்ளன. கிளைக்குள் கையாலும் கண்ணாலும் வேலை செய்தவர்களைப் பற்றிய குறிப்போ மிகக் குறைவு.

பழைய கிளைகளில் காசாளர் பிரிவில் இருந்தவர் சராப் எனப்பட்டார். நாணயத்தின் நன்மை தீமையை ஆராய்பவர் என்பது அச்சொல்லின் பொருளாதலால், வெள்ளி ரூபாயைச் சுண்டி அதன் ஓசையைக் கொண்டே கள்ள நாணயத்தை ஒதுக்குவது அவர் கற்றிருந்த வித்தையாக இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபோது, பஞ்சுப் பொதிகளை அடகாகப் பெற்று வங்கியின் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்திருந்த கிடங்குக் காப்பாளரும் கிளை ஊழியர்களுள் ஒருவரானார். எழுத்தர்களோ, ஒவ்வொரு வாடிக்கையாளரின் வரவு செலவையும் தனிப் பக்கத்தில் காட்டும் பேரேட்டைக் கையால் எழுதி, சில பைசாக்கள் இடித்தாலும் கணக்கு நேராகும் வரை வீடு திரும்பாமல் உழைத்தனர். 1983இல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் கணினிக்கு வழி திறந்தபின், பேரேடும், பணம் பெறக் காத்திருப்போருக்குத் தரப்பட்ட பித்தளை டோக்கனும் படிப்படியாக மறைந்தன. அதில் வருந்துவதற்கு அதிகமில்லை, ஏனெனில் அந்த உழைப்பு முதுகை ஒடிப்பதாகவே இருந்தது.

கையை நம்பி இன்றும் நிற்கும் தொழில் ஒன்று உண்டு; அது நகை மதிப்பீடு. நகைக்கடன் மேசைக்கு அருகே, பெரும்பாலும் பொற்கொல்லர் மரபில் வந்த ஒருவர் கறுத்த உரைகல்லுடன் அமர்ந்திருப்பதைக் கொங்கு வட்டாரக் கிளைகளில் காணலாம். அவர் நகையைக் கல்லில் தேய்த்து, விழும் கோட்டை மாற்று தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுகிறார். மாற்று என்பது பொன்னின் தூய்மையளவு. பின்னர் நைட்ரிக் அமிலம் துளி விடப்படும்போது, தாழ்ந்த மாற்றுடைய கோடு கரைய, உயர்ந்தது நிலைக்கிறது. மேற்பூச்சு மட்டுமே பொன்னாயிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் அரத்தால் மெல்லச் சீவிப் பார்ப்பதும், கல், அரக்கு, கயிறு ஆகியவற்றின் எடையைக் கழித்து நிகர எடை காண்பதும் அவர் வேலையே. 916 முத்திரை பெறாத பாட்டி காலத்து நகைகளுக்கு இந்தக் கையும் கண்ணும் இன்றியமையாதவை.

ஆடிப்பட்ட விதைப்புக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் சோமனூர் விசைத்தறியின் நூல் கொள்முதலுக்கும் இப்பகுதிக் குடும்பங்கள் நாடுவது பெண்களின் நகையையே. அந்நகை இருபத்திரண்டு காரட்டா, இருபதா என்று மதிப்பீட்டாளர் சொல்லும் ஒரு சொல்லே கடன் தொகையை மாற்றிவிடும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை இடமளிப்பதால், அச்சொல்லின் எடை கூடியிருக்கிறது.

இத்தனைக்கும் பொதுவாக அவருக்குக் கிடைப்பது கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கட்டணமே; மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லை, போலி நகை வெளிப்பட்டால் முதற்கேள்வி அவரை நோக்கியே எழும். ஒடிசாவின் பூரி நகரக் கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992இல், இத்தகைய மதிப்பீட்டாளர் வங்கியின் ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது.