கப்பல் நேரம்

ஓசூரில் நேரம் என்பது ஆலைச் சங்குக்கு உட்பட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் முப்பது ஆண்டுகள் ஷிஃப்டுக்குப் போய்வந்தவர் அப்பா. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மொழி மாறும், கடிகாரம் மாறாது.

ஓய்வுக்குப் பின் அவரைச் சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் கப்பலில் அழைத்துச் சென்றேன். மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் தம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளிவைத்தன. அன்றுமுதல் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தி நிற்கின்றன. ஆகவே பினாங்கில் குழப்பமில்லை. தாய்லாந்தின் புக்கெட் அப்படியன்று. அங்கு ஒரு மணி நேரம் குறைவு. எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே கடைப்பிடித்தது. கரையில் கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். கப்பல் நேரப்படி ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டுமென்றால், கரையின் கடிகாரத்தில் அது நான்கு. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தனியே வண்டி பேசிப் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாங்கள் தனியே போகிறவர்கள்.

அப்பா தம் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டிருந்தார். உள்ளூர் நேரத்துக்கு மாற்றவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டை மூடுறவன் கடிகாரம்தாம்பா கணக்கு" என்றார்.

பயணத் திட்டத்துக்கு அதைவிடத் தெளிவான விதி இல்லை. ஆனால் ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் கொடுத்துக் கற்ற விதி அது. இறங்குதுறைக்கு முக்கால் மணி முன்பே வந்துவிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, அவர் அலையில் இறங்கி நின்றார். நான் அவரை அழைக்கவில்லை. நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.