பெரியப்பாவின் வலது கை

பக்கவாதம் வந்த கையை மீட்பது பெரும்பாலும் எண்ணிக்கை விவகாரம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அந்தக் கைக்குப் புது வழி தேடும். விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை பழக்குவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரத்தைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. ஓர் அமர்வில் பாதித்த கை செய்த செயல்பாட்டு அசைவுகள் சராசரியாக 32தான்.

குன்னத்தில் என் பெரியப்பாவுக்கு அந்த 32ம் இல்லை. கற்றுக்கொடுத்த பயிற்சியை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். "சும்மா கைய மூடி மூடித் தொறக்க நான் என்ன கிறுக்கனாடா?" நாற்பது வருஷம் பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட மனுஷன். கையில் ஒன்றும் வந்து சேராத வேலை அவருக்கு வேலையே கிடையாது.

இந்தச் சலிப்பைச் சமாளிக்கத்தான் விளையாட்டைக் கொண்டுவருகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' மேசையில் வைக்கிற ரோபோ. ஒரே மோட்டார். மேலே மாட்டுகிற பாகத்தை மாற்றினால் மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று தனித்தனியாகப் பழகலாம். எதிரே திரையில் விளையாட்டு ஓடும். கை பாதியில் நின்றால் மோட்டார் உதவும். ஒரு மோட்டாரோடு நிறுத்திக்கொண்ட அந்த முடிவு ஒரு எஞ்சினியராக எனக்கு ரொம்பப் பிடிக்கும். மோட்டார் கூடக்கூட விலையும் கூடும், பழுதும் கூடும்.

எங்கள் வீட்டில் லேப்டாப்தான் இருந்தது. கேமராவில் விரல்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் இலவச மீடியாபைப்பை வைத்து, பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு, பொங்கல் லீவில் ஒரு விளையாட்டு எழுதினேன். கையை விரித்து மூடினால் திரையில் பருத்தி பறிபடும்.

பெரியப்பா பார்த்தார். "பருத்திய இப்படியாடா எடுப்பாங்க? ஓடு ஒட்டாம பஞ்ச மட்டும் இழுக்கணும்."

"எப்படின்னு காட்டுங்க பெரியப்பா."

இடது கையால் காட்டினார். கேமரா வலது கையைத்தான் பார்க்கும் என்றேன். முனகிக்கொண்டே வலது கையைத் தூக்கினார். அன்றைக்குக் கணக்கு 47.

2016இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த எவரெஸ்ட் ஆய்வை அதற்குப் பிறகுதான் படித்தேன். நான்கு நாடுகளில் 141 நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு அணிக்கு நின்டெண்டோ வீ. இன்னொரு அணிக்குச் சீட்டு, பிங்கோ மாதிரி சாதாரண ஆட்டங்கள். இரண்டு வாரத்தில் தலா பத்து அமர்வுகள். இரண்டு அணிகளுமே முன்னேறின. வீ ஆடியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

லீவு முடிந்து என்னோடு லேப்டாப்பும் சென்னைக்கு வந்துவிட்டது. போனில் பெரியம்மாவிடம் இந்தச் சீட்டுக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். "பொம்பளைங்க ஆட்டம்" என்று முதல் நாள் முறைத்தவர், இப்போது புளியங்கொட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறாராம்.

விரல் அசையவே அசையாதவருக்குப் பல்லாங்குழி போதாது. அவருக்கு அந்த மோட்டார் வேண்டும். எதிரே உட்கார ஆள் இல்லாத வீட்டுக்கும் திரை வேண்டும். ஆகவே அந்த நிரலை அழிக்கவில்லை. பருத்தி எடுக்கிற விதத்தை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பாவால் இன்னும் வலது கையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுக்கிறார்.