முகப்பு அசையும் அந்த ஒன்றிரண்டு நொடி

இணையதள முகப்புக்கு அனிமேஷன் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஃபிளாஷ் காலத்து அறிமுகப் படங்களின் ஓரத்தில் ‘ஸ்கிப்’ பொத்தான் இருக்குமே, நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. இப்போது சிஎஸ்எஸ் போதும்.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான். அசையும் பொருளின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றினால், பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்க அமைப்பையே மறுபடி கணக்கிட வேண்டும். சிஎஸ்எஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு, சுழற்சி), ஒபாசிட்டி (ஒளிபுகாமை) இரண்டை மட்டும் அசைத்தால் அந்தப் பாடு இல்லை. பழைய போனிலும் திக்காமல் ஓடுவதைப் பார்க்க அத்தனை சந்தோஷம்!

முகப்பில் அசையும் லோகோவுக்கு எஸ்விஜி கோப்பு நல்லது, பெரிதாக்கினாலும் மங்காது.

இன்னொன்று. அசைவு சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்காக ‘பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்றொரு விதி இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.